இலக்கத் தகடு இல்லாத செவ்வாய்க்கிழமைகள்

ஒரு மாகாணத்தில் பதிவான வாகனம் உரிமை மாறி இன்னொரு மாகாணத்துக்கு வந்தால், புதிய உரிமையாளர் பழைய இலக்கத் தகடுகள் இரண்டையும் உரிய அலுவலகத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் புதிய மாகாணத்தின் எழுத்துகளோடு புதிய தகடுகள் அவருக்கு வழங்கப்பட வேண்டும். சுற்றறிக்கையின் நான்காம் பந்தி இதைத்தான் சொன்னது. ஐந்தாம் பந்தி என்றும் ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் காலத்தில் நானும் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

இப்போது அதிவேக வீதியில் ஏறினால் கமராவே தகட்டைப் படித்துவிடுகிறது என்கிறார்கள். தகடு இல்லாத வண்டியை அது என்ன செய்யும் என்று என் மருமகனிடம் கேட்டேன். படம் பிடிக்குமாம், ஆனால் தண்டப் பத்திரத்தை யாருக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாதாம். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு அனுதாபம் வந்தது. யுத்தத்தின் கடைசி வருடங்களில், கம்பளைக்கும் பேராதனைக்கும் நடுவில் இருந்த ஒரு சோதனைச் சாவடியில், அதே சங்கடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பொலிஸ் சார்ஜன்டை எனக்குத் தெரியும். மாட்டிவிட்டவன் நான்.

நான் பிறந்தது யாழ்ப்பாணம். உத்தியோகம் கண்டிக் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில். வீடு கட்டியது கம்பளையில், அங்கேதான் காணி மலிவாக இருந்தது. என் மனைவி அந்தப் பகுதிப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தவர். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்று, இனி வாழ்க்கையில் விபரீதம் எதுவும் இல்லை என்று இருந்த நாளில், கம்பளை பஸ் நிலையத்தில் அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. வலது தோளோடு சேர்ந்த எலும்பு முறிந்தது. கட்டு அவிழ்த்த நாளில் கை இடுப்புக்கு மேலே எழவில்லை.

பேராதனை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்த இளம் பெண் எதையும் மறைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் வர வேண்டும், வீட்டில் சுவரில் விரல்களால் ஏறிப் பழக வேண்டும், இந்த வருடத்துக்குள் தோள் இளகாவிட்டால் பிறகு இளகாது என்றார். என்னைவிட உயரமான அவர் கரும்பலகையின் உச்சியிலிருந்து எழுதத் தொடங்கிப் பழகிய கை அது. அன்றைக்குத் தலை வாரிவிட நான் சீப்பை எடுத்தபோது, அதை என்னிடமிருந்து வாங்கி இடது கையால் தானே வாரிக்கொண்டார். வகிடு கோணலாக இருந்தது. பல வருடங்களில் நான் சொல்லாமல் விட்ட ஒரே திருத்தம் அதுதான்.

பஸ்ஸில் இனி ஏறுவதில்லை என்று அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு கார் வேண்டியிருந்தது.

எங்களிடம் முன்பு ஒரு கார் இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அதை வீட்டு வாசலிலேயே வைத்து எரித்தார்கள். நாங்கள் பக்கத்து வீட்டு ஹாஜியாரின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு இடையே உட்கார்ந்து, எரிகிற வாசத்தில் அது எங்களுடைய கார்தானா என்று ஊகித்துக்கொண்டிருந்தோம். பிறகு நட்டஈடு கேட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பித்தேன். காரின் வரிப்பத்திரத்தின் மூலப் பிரதியை இணைக்கும்படி பதில் வந்தது. மூலப் பிரதி காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒரு மனிதன் இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

புதிய கார் என்று நான் சொல்வது, கனடாவுக்குப் போன என் மைத்துனர் ஒருவர் வவுனியாவில் விட்டுப்போன பழைய யப்பான் கார். நல்ல இயந்திரம். ஆனால் இரண்டு தகடுகளிலும் வட மாகாணத்தைக் குறிக்கும் என்.பி. என்ற எழுத்துகள். அந்த வருடங்களில் அந்த இரண்டு எழுத்துகளோடு ஒரு சோதனைச் சாவடியை நெருங்குவது, கையில் மைக் பிடித்து, வடக்கிலிருந்து வருகிறேன் என்று அறிவித்துக்கொண்டு வருவதற்குச் சமம். முதல் செவ்வாய் இருக்கைகளைக் கழற்றினார்கள். இரண்டாவது செவ்வாய் மேலதிக டயரின் காற்றைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது.

ஹாஜியார் கம்பளைக் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்தவர். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் போனால் நல்ல வெள்ளைத் தகட்டில் மத்திய மாகாண எழுத்துகளையே போட்டுத் தருவார், கம்பளையில் பாதிப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள், உண்மையான தகடு வருகிறபோது வரட்டும் என்றார்.

அது குற்றம் என்று சொன்னேன். எந்தச் சட்டத்தின் கீழ் என்பதையும் சொன்னேன்.

"சேர், ஒங்களப் புடிக்கிறவனுக்கே அந்தச் சட்டம் தெரியாது. நீங்க ஏன் அவனுக்குச் சொல்லிக் குடுக்கப் போறீங்க?" என்றார் ஹாஜியார்.

அடுத்த நாள் திருப்புளியும் கையுமாக நானே இரண்டு தகடுகளையும் கழற்றினேன். செய்தித்தாளில் சுற்றி, கண்டியில் இருந்த கிளை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் பெண் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். புதியது வந்த பிறகு பழையதைக் கொண்டுவந்தால் போதுமே, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார். எல்லாரும் செய்வது நான்காம் பந்திக்கு முரணானது என்று விளக்கினேன். அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரிக்கும் விளக்கினேன். கடைசியில், என்னை அனுப்பிவிட வேறு வழியில்லாமல், ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தந்தார்கள். அந்த அலுவலகத்தில் அப்படியொரு பற்றுச்சீட்டை முதன்முதலாகப் பெற்றவன் நானாகத்தான் இருப்பேன். பெருமையோடு வெளியே வந்தேன். வெளியே தகடு இல்லாத கார் நின்றது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு கடிதம் தயாரித்தேன், "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே தட்டச்சுச் செய்தேன். சிங்களப் பிரதியைக் கடைவீதியில் செய்வித்தேன். நான்காம் பந்தியை முழுமையாக எடுத்தாண்டேன். ஒரு பந்தியை மட்டும் பிய்த்து எடுத்து மேற்கோள் காட்டுவது நேர்மையான முறை அல்ல என்பதால் ஐந்தாம் பந்தியையும் சேர்த்தேன். கடிதத்தை முன்கண்ணாடியில் உட்புறமாக ஒட்டினேன். பற்றுச்சீட்டையும் பக்கத்தில் ஒட்டினேன். நகல் என்றால் சந்தேகப்படுவார்கள் என்று மூலப் பிரதியையே ஒட்டினேன்.

மூன்றாவது செவ்வாய். கெலிஓயாவுக்குக் கிட்ட இருந்த அந்தச் சாவடியில் சிப்பாய்கள் காரைப் பார்ப்பார்கள், சார்ஜன்ட் கொப்பியில் பதிவார். ஓய்வுக்குக் கிட்டின வயது, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே இருக்கிற மனிதர். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னாலும் பார்த்தார், பின்னாலும் பார்த்தார்.

"மாத்தயா, நம்பர் எங்கே?"

நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். அரசாங்க உத்தியோகத்துக்கு வேண்டிய சிங்களப் பரீட்சையை இரண்டாவது தடவையில் சித்தியடைந்தவன் நான். பரீட்சைக்குப் படித்தது கோப்புகளின் மொழி. இன்றைக்கும் அந்த மொழியில் என்னால் ஒரு இறாத்தல் சீனி வாங்க முடியாது. மேற்படி வாகனம் தொடர்பாக மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளை நான் அவருக்கு அறியத் தந்தேன். பின்னால் நின்ற சிப்பாய்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள்.

கடிதத்தைச் சுட்டிக்காட்டினேன். சார்ஜன்ட் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார், வாசிக்கவில்லை. அவருடைய கவலை வேறு. கொப்பியில் ஒரு கட்டத்தில் நேரம் எழுத வேண்டும், அடுத்ததில் இலக்கம், அதற்கடுத்ததில் எங்கே போகிறோம் என்பது. இலக்கம் இல்லாமல் வரியை எழுத முடியாது. வரியை எழுதாவிட்டால் நாங்கள் சாவடியைக் கடந்தவர்கள் ஆக மாட்டோம். கடக்காதவர்கள் பின்னேரம் எப்படித் திரும்பி வருவது? இதை அவர் எனக்கு வெகு பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது முழுதாக விளங்கியது. சொல்லப்போனால் மிகச் சரியென்றே பட்டது. நாங்கள் இருவரும் அந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முன் இருக்கையில் இருந்த என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, ரெண்டு பேரும் உதைப் பாத்துக்கொண்டு நிண்டா எழுத்து முளைக்காது. நம்பர் இல்லாட்டி என்ரை கையை எழுதச் சொல்லுங்கோ. அதுக்காகத்தானே இந்தக் கார்."

அவர் கோபத்தில் சொன்னதை நான் என் சிங்களத்தில் உத்தியோகபூர்வமாக மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் குனிந்து உள்ளே பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். மனைவி, தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், பஸ்ஸையும் தோளையும் செவ்வாய்க்கிழமையையும் நாலு சொல்லில் சொல்லி முடித்தார். கையைத் தூக்கிக் காட்டினார். கார்க் கண்ணாடியின் கீழ் விளிம்புவரை வந்தது. சார்ஜன்ட் பேனாவை எடுத்து, இலக்கம் எழுத வேண்டிய கட்டத்தில் "கை உடைந்த அம்மா" என்று எழுதினார்.

அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அதன்பின் அதுதான் எங்கள் இலக்கம். ஒவ்வொரு செவ்வாயும் கார் நின்றதும் மனைவி கையைத் தூக்குவார், சார்ஜன்ட் பார்ப்பார், எழுதுவார். போன கிழமையைவிட ஒரு விரல் கூட என்பார். ஒரு தடவை கண்ணாடியின் நடுவரைதான் வந்தது. வீட்டில் சுவர் ஏறவில்லையா என்று அவர் கேட்க, உறவுக்காரர் வந்துவிட்டார்கள் என்று மனைவி மாணவியைப் போலச் சாட்டுச் சொன்னார். சிப்பாய்களும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். எங்களுக்குப் பின்னால் நிற்கிற வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும்.

சார்ஜன்ட் என் கடிதத்தை ஒருநாளும் வாசிக்கவில்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு செவ்வாய் நான் வெளியே இறங்கி, ஒரு தடவையாவது அதை வாசித்துப் பார்க்கலாமே, சிங்களப் பிரதி நடுவில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு, போகலாம் என்று கையசைத்தார். அன்று வழி முழுவதும் மனைவி சிரித்துக்கொண்டே வந்தார்.

இதற்கிடையில் இரண்டு வாரம் என்பது இரண்டு மாதமாகி, அதையும் தாண்டியது. கொழும்பிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு நினைவூட்டலை நினைவூட்டினேன். எல்லாம் பதிவுத் தபாலில். என் கடிதங்களில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. அவற்றுக்குப் பதில் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கை கண்ணாடியின் மேல் விளிம்பைத் தொட்ட செவ்வாய்க்கு அடுத்த கிழமை, திங்கள் இரவு, கொழும்பில் குண்டு வெடித்ததாக வானொலி சொன்னது. போகாமல் விடலாமா என்று கேட்டேன். ஒரு கிழமை விட்டால் கை ஒரு சாண் இறங்கும் என்றார் மனைவி. அது உண்மை. சுவரில் அவர் பென்சிலால் போட்டிருந்த கோடுகளை நானும் பார்த்திருந்தேன்.

சாவடியில் சார்ஜன்ட் இல்லை. சிப்பாய்களும் புதியவர்கள். இரவோடிரவாக ஆட்களை மாற்றியிருந்தார்கள். கார் நின்றதும் மனைவி வழக்கம்போல் கையைத் தூக்கினார். கண்ணாடியருகே வந்த சிப்பாய் ஒரு பையன் முகத்தோடு இருந்தான். அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு, கையைக் கீழே போடுங்கள் அம்மா, நாங்கள் உங்களை ஒன்றும் செய்யப் போவதில்லை என்றான். மனைவி கையைக் கீழே போட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

இளம் அதிகாரி ஒருவர் வந்தார். தகடு எங்கே என்று கேட்கவில்லை. நேரே முன்கண்ணாடிக்கு வந்து, என் கடிதத்தை வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலிருந்து. கண்கள் ஒழுங்காக இடமிருந்து வலமாக நகர்ந்தன. எத்தனையோ செவ்வாய்களுக்குப் பிறகு ஒரு மனிதர் அதை முழுதாக வாசிக்கிறார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: அந்த நேரத்தில், அந்த இடத்தில், எனக்குள் ஒரு எழுத்தாளனின் மகிழ்ச்சி இருந்தது.

வாசித்து முடித்து, விரலைக் கண்ணாடியில் வைத்து, ஐந்தாம் பந்தியைக் காட்டினார். புதிய தகடுகள் பொருத்தப்படும்வரை அத்தகைய வாகனத்தை எவரும் பொதுவீதியில் செலுத்தலாகாது.

"நீங்களே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், மாத்தயா."

நான்காம் பந்தியை அலுவலகம் மீறியபடியால் ஐந்தாம் பந்தி தானாகவே செயலிழக்கிறது என்ற என் வாதத்தை முன்வைத்தேன். அதை நான் பல இரவுகள் யோசித்துச் செதுக்கியிருந்தேன். அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு சிப்பாய்களைக் கூப்பிட்டுக் காரைத் தள்ளச் சொன்னார். அது பொலிஸ் நிலையத்து வளவில் நிற்கும், தகடு வந்த பிறகு எடுத்துப்போகலாம், வழக்கு ஒன்றும் போடவில்லை, வயதுக்காக விடுகிறேன் என்றார். மரியாதையான பிள்ளை. எங்கள் கச்சேரியில் இருந்திருந்தால் நான் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

நான் வீதியோரத்தில் நின்று, காரிலிருந்து எடுத்த என் கடிதக் கோப்பைத் திறந்து, முறைப்பாட்டின் முதல் வசனத்தை எழுதத் தொடங்கினேன். யாருக்குப் பிரதி அனுப்புவது என்பதையும் யோசித்தேன். நிமிர்ந்தபோது மனைவி பக்கத்தில் இல்லை.

கம்பளையிலிருந்து வந்த கண்டி பஸ் ஒன்று சாவடியில் நின்றிருந்தது. அந்த நாட்களில் பயணிகள் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சாவடியை நடந்து கடந்து, அந்தப் பக்கம் திரும்ப ஏற வேண்டும். அந்த வரிசையில், கூடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்கும் நடுவில், என் மனைவி அடையாள அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று சொன்னீரே என்றேன்.

"ஓம், சொன்னனான். நீங்கள் காரைக் கட்டுரை எழுதிக் குடுத்திட்டியள். இனி நான் நடந்தே போறது?"

சனநெருக்கமான பஸ். இருக்க இடமில்லை. அவருடைய இடது கையில் கைப்பையும் கிளினிக் கொப்பியும். பிடித்துக்கொள்ள மிச்சம் இருந்தது வலது கை. பிடிக்க இருந்தது தலைக்கு மேலே போன கம்பி. கொண்டக்டர் பின்னாலிருந்து எல்லாரையும் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினார். நான் அவருடைய முழங்கையைத் தாங்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கையைத் தூக்கினார். தோள்வரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுச் சுவரில் ஏறுவதுபோலவே, பக்கத்துக் கம்பத்தில் விரல் விரலாக ஏறினார். மேல் கம்பியை அடைந்து பிடித்த நேரம் பஸ் வெட்டி இழுத்தது. அவர் அசையவில்லை. கோப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நான், கூடைக்காரப் பெண்ணின் மடியில் போய் விழுந்தேன். கூடையில் மரக்கறி என்பதால் அடி படவில்லை. அடுத்த தரிப்பிடம்வரை அந்தக் கூடைக்காரி என்னைத் திட்டினார். அந்தச் சிங்களம் எந்தப் பரீட்சையிலும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண் தோளை அளந்து பார்த்துவிட்டு, இந்தக் கிழமை புதிதாக என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தார். "சுற்றறிக்கை" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாயும் பஸ்தான். யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அவர் மறுத்துவிடுவார். அந்த இடத்தில் நான் இருப்பேன். சோதனைச் சாவடியை நாங்கள் நடந்து கடந்தோம். எங்கள் இருவருக்கும் இலக்கம் அடையாள அட்டையிலேயே இருந்ததால் யாருக்கும் சிரமமில்லை. பொலிஸ் வளவைத் தாண்டும்போது மட்டும் நான் யன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பேன். காரின் முன்பக்கத்தில் ஒரு கொடி ஏறிப் படர்ந்து, தகடு இருக்க வேண்டிய இடத்தை மூடியிருந்தது. ஹாஜியார் என்னைக் காணும் போதெல்லாம், பெயர்ப்பலகை எழுதுகிறவர் இன்னும் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறார் என்று நான் விசாரிக்காமலே அறிவிப்பார்.

வருடம் முடிவதற்குள் தோள் இளகிவிட்டது. கிளினிக்குக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பென்சில் கோடுகள் சுவரில் அவர் தலைக்கு மேலே போயிருந்தன. வகிடு நேராக இருந்தது.

பிறகு பதில் வந்தது. என் நினைவூட்டல்கள் கவனத்தில் எடுக்கப்பட்டிருந்தன. புதிய தகடுகள் நீண்ட நாட்களாகவே தயாராக இருக்கின்றன. பழைய தகடுகளுக்கான பற்றுச்சீட்டின் மூலப் பிரதியைச் சமர்ப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம். நகல் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.

மூலப் பிரதி காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கார் பொலிஸ் வளவில் பூட்டியிருந்தது. தகடு வரும்வரை அதைத் திறக்கப் பொலிஸார் விடமாட்டார்கள்.

நான் பேனாவை எடுத்தேன். மனைவி கடிதத்தை என் கையிலிருந்து உருவினார்.

"உது பேந்து பாக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கண்டிக்குச் சேலை வாங்கப் போகவேணும் எண்டனான்."

அலுமாரிக்கு மேலே, சுவரோடு ஒட்டி, என் கைக்கு எட்டாத இடத்தில் அதைப் போட்டார். வலது கையால், குதிக்கால்கூட எழும்பாமல். பெற்ற திகதி குறிக்காமல் ஒரு கடிதத்தைக் கோப்பில் சேர்க்க முடியாது என்று நான் சொன்னேன். பெருமூச்சு விட்டுத் திரும்ப எட்டி எடுத்துத் தந்தார், சீக்கிரம் எழுதித் தாருங்கள் மேலே வைக்க என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார். வலது மேல் மூலையில் எழுதினேன்: பெற்றது, தைப்பொங்கலுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.